அவள் கொண்டுவந்த பெயர்

எங்கள் மகள் எங்களிடம் வந்தபோது நான்கு பற்களோடும், ஒரு துணிப்பையோடும், ஒரு பெயரோடும் வந்தாள். பற்களைப் பற்றியும் பையைப் பற்றியும் வீட்டில் யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. பெயரைப் பற்றித்தான் சண்டை வந்தது.

நானும் என் கணவரும் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர் நகரப் பேருந்து டிப்போவில் மெக்கானிக். நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். கல்யாணம் ஆன அடுத்த வருஷமே எனக்குக் குழந்தை தங்கியது. ஆறாவது மாதத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு முறை தங்கியும் நிலைக்கவில்லை. போதும் என்று நான்தான் முதலில் சொன்னேன். தத்தெடுக்கப் பதிவு செய்தோம். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். ஒரு மத்தியானம், கிளினிக்கில் கூட்டமாக இருந்த நேரத்தில், என் போனுக்கு ஒரு படம் வந்தது. மொட்டையடித்த தலையோடு, யார்மீதோ கோபமாக இருக்கிற மாதிரி ஒரு பெண் குழந்தை. படத்துக்குக் கீழே ‘கௌரி’ என்று போட்டிருந்தது.

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்துக்கு நடுவிலும் சுருக்கென்றது. ஏனென்றால் எங்கள் வீட்டில் சாமிப் பெயர் வைக்கிற வழக்கம் கிடையாது.

என் மாமனார் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் பௌத்தத்துக்கு மாறியவர். மாமனார் பெங்களூர் வந்து, ராணுவப் பண்டகசாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றார். வீட்டில் படம் என்று புத்தர் படம் மட்டும்தான். பௌர்ணமி தவறாமல் விகாரைக்குப் போவார். அவருடைய பிள்ளைகள், அண்ணன் தம்பி பிள்ளைகள் என்று எல்லோருக்கும் அவரே தேடிப் பெயர் வைத்திருக்கிறார். அதில் ஒன்றுகூடச் சாமிப் பெயர் இல்லை. மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டதால், வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் மாமாதான் முன்னால் நிற்பார்.

முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, பெண்ணாக இருந்தால் விசாகா என்று வைக்கலாம் என்று அவர்தான் சொன்னார். புத்தர் காலத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர், பிக்குகளுக்குத் தன் நகையை விற்று மடம் கட்டிக் கொடுத்தவள் என்று விளக்கினார். எனக்குக் கேட்டதுமே பிடித்துப்போனது. ஆணா பெண்ணா என்று தெரியாமலேயே உள்ளே இருந்ததை நான் விசாகா என்று கூப்பிட ஆரம்பித்தேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் இடிபட்டு நிற்கும்போது, “கொஞ்சம் பொறு விசாகா, சீட் கெடைச்சிடும்” என்று வயிற்றிடம் சொல்வேன். யாருக்கும் கேட்காமல்தான் சொல்வேன். அந்தக் குழந்தை தங்காமல் போன அன்று, அது பெண் என்று நர்ஸ் சொன்னார். அதை என் அம்மாவிடம் சொன்னேன். கணவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அதை யாரும் பேசவில்லை.

மாமாவுக்கு அந்தப் பெயர் மேல் இருந்த ஆசை மட்டும் போகவில்லை. தத்தெடுக்கப் பதிவு செய்த அன்றே, “விசாகா வரப் போறா” என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

குழந்தையைப் பார்க்க நாங்கள் போன இல்லம் சந்தாபுராவைத் தாண்டி இருந்தது. சின்னக் கட்டடம், சுத்தமாகக் கழுவிவிட்ட தரை. ஒரு ஆயா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் உட்கார வைத்தார். மொட்டைத் தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. நான் “பாப்பா” என்றேன். அவள் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் விரலைச் சொடுக்கிப் பார்த்தார். விசில்கூட அடித்தார். ஃபேன்தான் அவளுக்கு முக்கியம். அப்போது பால் பாட்டிலோடு அறைக்குள் வந்த அந்த ஆயா, எங்களைக் கவனிக்காமல், சாதாரணமாக, “கௌரி” என்றார்.

அவள் திரும்பினாள். தலை மட்டும் இல்லை, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து திரும்பியது.

நான் நாள் முழுக்க பிறர் பெயரைக் கூப்பிட்டுச் சம்பளம் வாங்குகிறவள். காத்திருப்பவர்களின் வரிசையைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னால், அது தன்னுடையதுதானா என்று யோசித்து எழுந்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், தூக்கத்திலிருந்தும் சட்டென்று நிமிர்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவள் திரும்பியதில் யோசனையே இல்லை. பாயில் உட்கார்ந்திருந்த அந்த நிமிஷமே எனக்கு முடிவாகிவிட்டது. இவள் பேர் கௌரி. இதை இவளிடமிருந்து நான் வாங்கப் போவதில்லை.

திரும்பி வரும்போது காரில் இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “அப்பா ஒத்துக்க மாட்டாரு” என்றார்.

“அப்பா ஒத்துக்க மாட்டாரு, தெரியும். நீங்க?”

“எனக்கு ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கு” என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். எஞ்சினில் எந்த நட்டு லூஸ் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டில் எதுவும் அவர் காதில் விழாது.

குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பக்கத்தில் என் நாத்தனார். தெருவில் பாதிப் பேர் இருந்தார்கள். மாமா இரண்டு கைகளையும் நீட்டி, “வாம்மா விசாகா” என்றார். அவர் கண் கலங்கி அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. குழந்தை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். நான் சும்மா இருக்கவில்லை. “மாமா, அவ பேரு கௌரி” என்றேன்.

“அது அங்க வச்ச பேருமா” என்றார் மாமா. “இப்ப நம்ம வீட்டுக்கு வந்துட்டால்ல.”

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பெயர்கள் ஓடின. காலையில் டீ குடித்ததும் மாமா கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்துவிடுவார். “விசாகா... இங்க பாரு... விசாகா...” கிலுகிலுப்பைக்கு அவள் திரும்புவாள், பெயருக்குத் திரும்ப மாட்டாள். நான் சமையலறையிலிருந்து “கௌரி” என்று ஒரு தடவை சொன்னால் போதும், தவழ்ந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாமா முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனாலும் நான் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தவில்லை. என் கணவர் இரண்டு பெயரையும் விட்டுவிட்டு “புஜ்ஜி” என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் தத்து முழுசாக முடிய ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. அதில் குழந்தைக்கு என்ன பெயர் என்று நாங்கள் எழுதித் தர வேண்டும். அதுதான் தத்து ஆணையில் வரும், பிறப்புச் சான்றிதழில் வரும், கடைசி வரைக்கும் நிற்கும். இல்லத்திலிருந்து ஒரு மேடம் போன் செய்து, புதன்கிழமைக்குள் பேப்பர் கொண்டு வாருங்கள் என்றார்.

அந்த வாரம் நாத்தனார் வந்தாள். என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், துணி காயப் போடுகிற சாக்கில் பேசினாள்.

“அண்ணி, நான் அப்பாக்காகப் பேசல. நம்ம ஜனத்துல எவளுக்காவது கௌரின்னு பேரு இருக்கா? நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க. ஹோம்லேர்ந்து எடுத்த கொழந்தைன்னு பேரே காட்டிக் குடுத்துடும். விசாகான்னா யாருக்கும் டவுட்டே வராது.”

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டதும் என் பிடிவாதம் கூடியது. “தெரியட்டும்” என்றேன். “அவளுக்கே சொல்லித்தான் வளக்கப் போறோம். ஊருக்குத் தெரிஞ்சா என்ன?”

“நீ பிடிச்ச பிடி” என்று சொல்லி ஈரத்துணியை உதறினாள்.

மாமாவிடம் பேசுவதற்கு முன், என் பக்கத்துக்கு வலுவாக ஏதாவது வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பெயரை வைத்தது யார், ஏன் வைத்தார்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். பெற்ற தாய் வைத்ததாக இருக்கலாம். கடைசியாக ஒரு தரம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இப்படி என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு, கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறிச் சந்தாபுரா போனேன்.

அந்த ஆயா துணி மடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துத் தமிழ்க்காரர். பெயரைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“அதுவா? கௌரி ஹப்பா பண்டிகை சமயத்துல வந்தா. அதான் கௌரின்னு கூப்ட்டோம். தீபாவளிக்கு வந்தா தீபா, சங்கராந்திக்கு வந்தா சங்கரி. இவளுக்கு முன்னாடியும் ரெண்டு கௌரி இருந்தாங்கமா. ஒருத்தி மைசூருக்குப் போயிட்டா, இன்னொருத்தி ஃபாரின்.”

“அவங்கம்மா...?”

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுமா. யாரும் எதுவும் சொல்லிட்டுப் போகல.”

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பண்டிகை நாளைப் பார்த்து, வேலை நடக்கட்டும் என்று வைத்த ஒரு பெயர். முன்னால் இரண்டு பேர் வைத்துக்கொண்டிருந்த பெயர். இதற்காகவா வீட்டில் ஒரு வயசான மனுஷரோடு மல்லுக்கு நிற்கிறேன்? மடிவாளா வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். டிராஃபிக்கில் பஸ் நகரவே இல்லை. அப்போது எனக்கு என் சொந்தப் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. என் அப்பா அதை யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையில் பார்த்து வைத்தார். மணப்பெண் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. அதனால் அது என் பெயர் இல்லை என்று ஆகிவிடுமா? இன்றைக்கு யாராவது வந்து, இது எங்கிருந்தோ வந்த பெயர்தானே, கொடுத்துவிடு என்று கேட்டால் கொடுப்பேனா? பெயர் எங்கிருந்து வந்தால் என்ன, அவள் அதற்குத் திரும்புகிறாள். சிவாஜிநகரில் இறங்கும்போது நான் போனதைவிட உறுதியாகத் திரும்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கி வருவதும் சமைப்பதும் மாமாதான். அன்றும் சிவாஜிநகர் போய் வாங்கி வந்து, கறியை வேக வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்துக்கொண்டேன்.

“மாமா, புதன்கெழம பேப்பர் குடுக்கணும். கௌரின்னுதான் எழுதப் போறேன்.”

அவர் நிமிரவில்லை. “எங்க பாட்டிக்கு என்ன பேரு தெரியுமா?” என்றார்.

“குப்பைன்னு சொல்லியிருக்கீங்க.”

“குப்பை இல்ல. பெத்தவங்க வச்ச பேரு வேற. அவங்க வேலை செஞ்ச வீட்டுக்காரன் அந்தப் பேரைக் கேட்டுட்டு, இது எங்க வீட்டுப் பொண்ணுங்க வச்சிக்கிற பேரு, உனக்கெதுக்குன்னு சொல்லி, குப்பைன்னு கூப்ட்டான். ஊரே அப்படிக் கூப்ட்டுச்சு. சாகுற வரைக்கும் குப்பைதான். பழைய பேரு என்னன்னு எங்கப்பாக்கே தெரியாது. அதுக்குதாம்மா அவரு எல்லாத்தையும் உதறிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் எங்க பிள்ளைங்களுக்கு நாங்கதான் பேரு வச்சோம். வெளியாள் எவனும் வைக்கல.”

இதை அவர் இதற்கு முன்பு இவ்வளவு முழுசாகச் சொன்னதில்லை. ஆனாலும் நான் எழுந்து போவதாக இல்லை.

“அந்த ஆளு செஞ்சதுல எது தப்பு மாமா? பாட்டிகிட்ட ஒரு பேரு இருந்துது. அதைப் பிடுங்கிட்டு வேற பேரு குடுத்தான். அதானே?”

“அதுவும் இதுவும் ஒண்ணாம்மா? நான் நல்ல பேருதானே குடுக்கறேன்?”

“நல்ல பேருதான். ஆனா இவகிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கே.”

“அந்த ஆயா மட்டும் இவளைக் கேட்டுட்டா வச்சாங்க?”

“இல்ல மாமா. யாரையும் யாரும் கேட்டு வைக்கிறதில்ல. ஆனா இவ அதை எடுத்துக்கிட்டா. நீங்களே பாக்கறீங்களே.”

“பழகினா இதுக்கும் திரும்புவா. கொழந்தைங்க சீக்கிரம் பழகிக்கும்.”

“பழகிப்பா” என்றேன். “அதான் மாமா எனக்கு வேணாங்கறது. பெத்தவ இல்லாம இருக்கப் பழகினா. அப்புறம் அந்த ஆயாவப் பழகினா. இப்ப அவங்களும் இல்ல, நம்ம வீடு, நம்ம சோறு, நம்ம முகம் எல்லாத்தையும் பழகிட்டிருக்கா. எல்லாமே அவதான் பழகிக்கணுமா? இந்த ஒண்ண நாம பழகிக்கக் கூடாதா?”

மாமா உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டார். அடுத்ததை எடுக்கவில்லை.

“சாமி பேருமா” என்றார். இந்த முறை குரலில் வேகம் இல்லை.

அதற்கு மேல் நான் சொல்ல நினைத்தது எதுவும் பாக்கி இல்லை. ஆனால் வாய் தானாக அடுத்ததைச் சொல்லியது. “இன்னொண்ணு மாமா. விசாகாங்கற பேரு ஏற்கெனவே ஒருத்திக்கு வச்சாச்சு. மொதல்ல வந்தவளை நான் அந்தப் பேரு சொல்லித்தான் கூப்ட்டேன். அவ போற வரைக்கும் கூப்ட்டேன். அவ பேரை எடுத்து இவளுக்குக் குடுக்க என்னால ஆகாது.”

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். “அது பொண்ணா?” என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அவருக்கு அந்தப் பெயர் இன்னும் யாருக்கும் ஆகாமல் காத்திருக்கிற பெயர்.

“பொண்ணுதான்பா” என்று வாசல் பக்கத்திலிருந்து என் கணவர் சொன்னார். அவர் எப்போது வந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. “நான்தான் உங்ககிட்ட சொல்லல.”

மாமா கையைக் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கறியை என் கணவர் பார்த்துக்கொண்டார். உப்பு கூடிப்போனது. சாப்பாட்டு நேரத்துக்கு மாமா திரும்பி வந்தார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பெயரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் என் கணவர் டிப்போவிலிருந்து வந்து, கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவி, விண்ணப்பத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தார். நான் எழுதுகிறேன் என்று கையை நீட்டினேன். “நான் எழுதறேன் விடு” என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக, கௌரி என்று எழுதினார். அன்றோடு புஜ்ஜி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

மாமா அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவளைப் பெயர் சொல்லியே கூப்பிடவில்லை. “பாப்பா” என்பார், “ஏய், இங்க வா” என்பார். என்னோடு பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் குறைத்துக்கொண்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதியதை மாற்ற வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

ஆணை கைக்கு வந்த மாதம், பௌர்ணமிக்கு எல்லோரும் விகாரைக்கு வாருங்கள் என்றார். போனோம். அங்கே மாமாவின் பழைய சிநேகிதர் ஒருவர், பக்கத்துத் தெருக்காரர், குழந்தையின் கன்னத்தைத் தட்டி, “பேரு என்ன?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, “கௌரி” என்றார்.

“என்னப்பா, உங்க வீட்ல சாமி பேரா?”

“வரும்போதே கொண்டு வந்தா. அவ பேரு, நாம என்ன சொல்றது?” என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சு வைத்துக்கொள்ளாமல் உள்ளே போய் உட்கார்ந்தார்.

வழிபாடு முடிகிற நேரத்தில், அந்தந்தக் குடும்பத்தில் இறந்துபோனவர்களின் பெயர்களைச் சொல்லி, செய்த தானத்தின் பலன் அவர்களைச் சேரட்டும் என்று பிக்கு சொல்வது வழக்கம். மாமா முன்கூட்டியே போய் எங்கள் வீட்டுப் பெயர்களைக் கொடுத்திருந்தார். மாமாவின் அப்பா பெயர் வந்தது. அம்மா பெயர் வந்தது. என் மாமியார் பெயர் வந்தது. அதற்கு அடுத்ததாகப் பிக்கு, “விசாகா” என்றார்.

வேறு ஒருவர் வாயால் அவளை அழைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, கும்பிட்ட கையோடு நேராக உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்தவள் என் தாலிக் கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் யூகேஜி படிக்கிறாள். ஸ்கூலில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து மாமாதான் வீட்டில் சொல்லித் தருகிறார். போன வாரம் அவளுடைய பெயரை ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்.

“கெ... ள... ரி. கெளரி. தாத்தா, தப்பா எழுதிட்டீங்க. இது என் பேரு இல்ல.”

“அப்படித்தாம்மா எழுதணும். கௌன்னா அப்படித்தான் இருக்கும்.”

“அது ‘ள’ தாத்தா. நீங்கதானே நேத்து சொன்னீங்க?”

மாமா என்னைப் பார்த்தார். “நான் சொன்ன பேர்ல இந்தத் தொல்லையே இல்ல” என்றார். நான் சிரித்தேன்.

அதற்குள் அவள் ஸ்லேட்டைப் பிடுங்கி, உள்ளங்கையால் அழித்துவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ‘க’ கோணலாக வந்தது. அடுத்து ‘வு’. அடுத்து ‘ரி’. எழுதி முடித்து, தாத்தாவின் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

“கவுரி. இப்படித்தான் எழுதுவேன்.”

மாமா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, எழுதிக்கோ” என்றார்.